சாட்டர்ன் பொறியின் நினைவும் மறதியும்

மக்கள் தாம் செய்தவற்றை மறவாதிருத்தற்பொருட்டுக் கண்ட வழிகள் பலவாம். கல்லிலே பொறித்தனர், செப்பேட்டிலே வெட்டினர், பனையோலையிலே கீறினர். யோசுவா யோர்தான் ஆற்றின் நடுவினின்றும் பன்னிரண்டு கற்களை எடுப்பித்துக் கில்காலிலே நாட்டியதும் இப்பொருட்டேயென்பதை வேதாகமம் பயின்றோர் அறிவர். இவற்றுள் எவ்வழியும் குறையற்றதன்று. கல் தேயும், செம்பு உருக்கப்படும், ஓலையோ செல்லுக்கு இரையாகும். ஆயினும், இவையெல்லாம் யாரும் தொடாது வைத்தால் தொடாதவாறே சில காலமேனும் கிடக்குமியல்பின. ஒரு சிறு பேட்டரியின் உயிரைப் பற்றிக்கொண்டு மட்டுமே நிற்பதும், அது போனவுடன் ஒரு நொடியில் தானும் போய்விடுவதுமாகிய ஒருவகை நினைவு நம் காலத்திலே தோன்றியிருக்கின்றது. அதனைப்பற்றியே ஈண்டுச் சில கூறப் புகுந்தோம்.

ஜப்பான் நாட்டுச் செகா நிறுவனத்தார் 1994-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 22-ஆம் நாள் சாட்டர்ன் என்னும் வீட்டு வீடியோ விளையாட்டுப் பொறியை வெளியிட்டனர். சூரியனிலிருந்து ஆறாவதாக எண்ணப்படும் சனிக் கோளின் பெயர் அது. செகாவாரின் ஆறாம் பொறியாதலின் அப்பெயர் பெற்றதென்பர். தொலைக்காட்சிப் பெட்டியோடு இணைத்து, சி.டி. தட்டை உள்ளேயிட்டு, கைப்பிடியைக் கொண்டு ஆடத்தக்கது. பதினொரு நாள் கழித்து, டிசம்பர் 3-ஆம் நாள், சோனி நிறுவனத்தாரின் பிளேஸ்டேஷன் வெளிவந்தது. இவ்விரண்டிற்கும் நடந்த போரும், அதிற் சாட்டர்ன் தோற்றதும் நெடுங்கதை. உலகெங்கும் ஏறக்குறைய 92 இலட்சம் சாட்டர்ன் பொறிகளே விற்றன. பிளேஸ்டேஷனோ பத்துக் கோடியைக் கடந்தது. அக்கதையை விரிப்பார் பலர் உளராதலின் யாம் அதனை விடுத்து, பலரும் ஒரு வரியிற் கூறிச் செல்லும் சிறு பகுதியொன்றனையே எடுத்துக்கொள்கின்றோம். ஆடியவன் எவ்வூர் வரை சென்றான், எவ்வளவு பொன் ஈட்டினான், எத்தனை உயிர் எஞ்சியது என்பவற்றை அப்பொறி எங்கே எழுதி வைத்தது என்பதே அப்பகுதி.

இதனை உணர்வதற்கு முன்னிருந்த நிலையைச் சிறிது அறிதல் வேண்டும். பழைய ஆட்டங்கள் குறுகியவை. தொடங்கினாற் சில நாழிகையில் முடியும். மின்சாரத்தை நிறுத்தினால் யாவும் ஒழிந்து, மறுநாள் முதலிலிருந்து தொடங்கவேண்டும். வனாந்தரத்திற் பெய்த மன்னாவைப்போல, அன்றன்றைக்குரியது அன்றன்றைக்கே. பின்னர், பல நாள் ஆடத்தக்க நெடிய ஆட்டங்கள் தோன்றவே, அவற்றை இடையில் நிறுத்தித் தொடர்தற்கு வழி வேண்டியதாயிற்று. 1986-ஆம் ஆண்டு மே மாதத்தில் நின்டெண்டோவின் ஃபேமிகாம் பொறிக்கு வந்த டிராகன் குவெஸ்ட் என்னும் ஆட்டம் இதற்கு விந்தையானதோர் உபாயஞ் செய்தது. ஆட்டத்தை நிறுத்துங்கால் பொறியானது இருபது ஜப்பானிய எழுத்துக்களைத் திரையிற் காட்டும். ஆடுவோன் அவற்றைத் தாளில் எழுதிவைத்துக்கொண்டு, மறுநாள் அவ்வாறே உள்ளிட்டால் விட்டவிடத்திலிருந்து தொடரலாம். அதற்கு 'உயிர்மீட்பு மந்திரம்' என்று பொருள்படும் பெயர் இட்டிருந்தனர். அஃதாவது, நினைவைத் தாங்கியது பொறியன்று, சிறுவனது ஏடே. அடுத்த ஆண்டு வந்த இரண்டாம் பாகத்தில் அம்மந்திரம் ஐம்பத்திரண்டெழுத்து வரை நீண்டது.

இங்கே தமிழ் பயிலும் எமக்கு ஒரு நகைப்பு உண்டாகின்றது. அக்காலத்துத் தொலைக்காட்சித் திரையில் எழுத்துக்கள் தெளிவாய்த் தோன்றா. ஜப்பானிய எழுத்தில் 'ப' ஒலிக்கும் அதன் மெல்லிய வேறுபாட்டுக்கும் தலைமேல் இடும் இரு கோடா, ஒரு சிறு வட்டமா என்பதே பேதம். அதனை மாறி எழுதிய சிறுவன் மறுநாள் மந்திரத்தை எத்தனை முறை உள்ளிடினும் பொறி ஏற்காது. நம் ஏடுகளிலும் மெய்யெழுத்துக்குப் புள்ளியிடாமல் எழுதியதனாலும், எகர ஏகாரங்களும் ஒகர ஓகாரங்களும் ஒன்றேபோல் இருந்தமையாலும், ரகரமும் காலும் வேறுபாடின்றி நின்றமையாலும் விளைந்த பாட பேதங்கள் எத்தனை! வீரமாமுனிவர் எகர ஒகரங்களுக்கு வேறுபாடு வகுத்த பின்னரன்றோ அவற்றுட் சில தீர்ந்தன. பிரதி செய்வோன் கைப்பிழை ஓலைக்கு மட்டும் உரியதன்று என்பது இதனால் விளங்கும். வேறுபாடு ஒன்றுண்டு. சுவடியிற் பிழைபட்ட பாடலை ஊகித்துத் திருத்தும் புலவர் உளர். பொறியோ ஓரெழுத்துப் பிழைக்கும் முழு மந்திரத்தையும் தள்ளிவிடும்.

இவ்விடர் தீர, ஆட்டத்தைத் தாங்கிய கார்ட்ரிட்ஜ் பெட்டிக்குள்ளேயே ஒரு நினைவுச் சில்லையும் ஒரு பேட்டரியையும் வைத்து மூடும் வழக்கம் எழுந்தது. 1988-ஆம் ஆண்டு வந்த டிராகன் குவெஸ்ட் மூன்றாம் பாகம் அவ்வழியைக் கைக்கொண்டது. 'சாகச நூல்' என்று அதற்குப் பெயர். எழுதும் வேலை ஒழிந்தது. ஆயினும் அந்நூல் திடீரென அழிந்துவிடுவதும் உண்டு. அழிந்ததென்று பொறி அறிவிக்குங்கால் அச்சந்தரும் இசையொன்றும் எழும். அக்காலத்து ஜப்பானியச் சிறார் பலர்க்கு அவ்விசை இன்றும் மறக்கவில்லையென்று கேள்வி. நூல் மறந்துபோக, அதன் மறதியை அறிவித்த இசை மாத்திரம் நினைவில் நின்றது வியப்பே.

நிற்க. ஆட்டங்கள் கார்ட்ரிட்ஜினின்றும் சி.டி. தட்டுக்கு மாறியபொழுது இவ்வழியும் அடைபட்டது. சி.டி. தட்டு அச்சிட்ட நூலைப்போன்றது. அதன் குழிகள் தொழிற்சாலையிலே பதிக்கப்பட்டவை. அதனைப் படிக்கலாமேயன்றி அதன்மேல் எழுதலாகாது. ஆகவே, நினைவு பொறியிடத்தே இருத்தல் வேண்டும், அன்றி வேறொரு துணைக்கருவியிடத்தே இருத்தல் வேண்டும். 1988-இல் பிசி எஞ்சின் என்னும் பொறிக்கு வந்த சி.டி. இணைப்பில் இதற்கென அமைந்த இடம் 2 கிலோபைட்டே. செகாவார் 1991-இல் வெளியிட்ட மெகா சி.டி.யில் 8 கிலோபைட்டு. போதாதவர்க்கு 128 கிலோபைட்டுக் கார்ட்ரிட்ஜ் ஒன்று தனியே விற்றனர். சாட்டர்னில் அவர் 32 கிலோபைட்டு வைத்தனர்.

முப்பத்திரண்டு கிலோபைட்டென்பது எவ்வளவு? தமிழ் மாணாக்கர்க்கு விளங்குமாறு சொல்லின், இன்று வழங்கும் யூனிகோடு முறையில் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் 3 பைட்டு இடங்கொள்ளும். 32 கிலோபைட்டை 1330 குறட்கும் பங்கிட்டால் குறளொன்றுக்கு 24 பைட்டே கிடைக்கும். எட்டுக் குறிகளுக்கு மேல் எழுதலாகாது. ஒரு சீரும் சிறிது மிச்சமும் அடங்கும், அவ்வளவே. முழுக்குறளாக எழுதப்புகின் ஏறக்குறைய இருநூறு குறள் அடங்கலாம். அறத்துப்பாலும் முடியாது. ஆயினும் ஆட்டத்துக்கு இது சிறிதன்று. ஏனெனில், பொறி எழுதிவைப்பது படத்தையன்று, எண்களையே. மலையும் கடலும் அரண்மனையும் சி.டி. தட்டில் ஏற்கனவே உள்ளன. 'இன்ன ஊர், இன்ன வாயில், பொன் இவ்வளவு, வாள் இன்னது' என்பதே குறித்தற்குரியது. நாடு முழுதும் தட்டிலே. வழிப்போக்கன் மாத்திரம் நினைவிலே. பொறி அவ்விடத்தை 64 பைட்டுக் கட்டங்களாகப் பகுத்து, தன் கணக்குக்கு வேண்டியது போக 461 கட்டங்களை ஆடுவோனுக்கு விட்டது.

அந்நினைவுச் சில்லின் இயல்பு இது. அதில் ஒவ்வொரு பிட்டும், ஒன்றையொன்று தாங்கி நிற்குமாறு பிணைத்த சில டிரான்சிஸ்டர்களால் ஆயது. இருவர் எதிரெதிர் நின்று ஒருவர் தோளை ஒருவர் தள்ளிக்கொண்டு நிலைத்திருத்தலைப் போல்வது. வெளியிலிருந்து ஒரு தள்ளல் வந்தால் மறுபுறம் சாய்ந்து, அங்கே நிலைக்கும். கணினிகளில் பெரிதும் வழங்கும் மற்றொருவகைச் சில்லோ ஒழுகு குடம். நொடிதோறும் பலமுறை நிரப்பிக்கொண்டேயிருத்தல் வேண்டும். இது அவ்வாறன்று, மிகச் சிறு மின்சாரமே இதற்குப் போதும். ஆனால் அச்சிறு மின்சாரமும் அற்ற கணமே இருவரும் வீழ்வர். எப்பக்கம் சாய்ந்திருந்தனர் என்பதற்கு அடையாளமே எஞ்சாது.

அம்மின்சாரத்தைத் தருவது சி.ஆர். 2032 என்னும் வட்டப் பேட்டரி. கைக்கடிகாரக் கடைகளிலும் மின்சாமான் கடைகளிலும் தொங்கும் அதே நாணயம் போன்ற பொருள். அதன் பெயர் காரணப் பெயராம். முதலெழுத்து அதன் உள்ளிருக்கும் இலித்தியம், மாங்கனீசு டையாக்சைடு ஆகிய இரண்டன் சேர்க்கையைக் குறிக்கும். இரண்டாமெழுத்து வட்ட வடிவைக் குறிக்கும். 20 என்பது விட்டம் இருபது மில்லிமீட்டர். 32 என்பது கனம் 3.2 மில்லிமீட்டர். இலக்கணிகள் பெயரிட்டாலும் இதனினும் செவ்வையாய் இட்டிருக்கமாட்டார்கள். செகாவார் ஒன்று நன்றாய்ச் செய்தனர். கார்ட்ரிட்ஜ்களிற்போல் இப்பேட்டரியைப் பற்றாசு வைத்து ஒட்டாமல், பொறியின் பின்புறத்தில் ஒரு சிறு மூடியின்கீழ் வைத்தனர். எவரும் மூடியைத் திறந்து விரலால் மாற்றலாம். இது வாங்கினோர்மேல் வைத்த நம்பிக்கை. பேட்டரி சில ஆண்டுகளே உழைக்குமாதலின், மாற்றுந் தொழில் ஆடுவோன்மேல் என்றென்றைக்கும் ஏற்றப்பட்டது என்பதும் உண்மையே. பொறி செய்தவர் அதனை மறந்தாலும், வைத்திருப்பவன் மறத்தலாகாது.

அப்பேட்டரி தாங்குவது பதிவுகளை மட்டுமன்று. பொறிக்குள் ஒரு நாட்காட்டிக் கடிகாரமும் உண்டு. அதற்கும் உயிர் அதுவே. பேட்டரி ஓய்ந்த பொறியை முடுக்கினால், அது புதிதாய்ப் பிறந்ததுபோல, 'எம்மொழியிற் பேசலாம்? இன்று என்ன நாள்?' என்னும் கருத்துப்பட வினவும். இவ்வினா ஒரு முறை தோன்றுமேல், உள்ளிருந்தவையெல்லாம் போயின என்று அறியலாம்.

கடிகாரத்தினால் ஆய பயன் யாதெனில், அதற்கு இனியதோர் எடுத்துக்காட்டு உண்டு. 1996-ஆம் ஆண்டு செகாவின் சோனிக் குழுவினர் நைட்ஸ் என்னும் ஆட்டத்தை ஆக்கினர். இரு சிறார் தம் கனவுகளிற் பறக்கும் கதை. அவ்வாண்டின் இறுதியில் அதன் சிறு பகுதியொன்றைக் 'கிறிஸ்துமஸ் நைட்ஸ்' என்னும் பெயரால் பெரும்பாலும் இலவசமாகவே அளித்தனர். அத்தட்டைப் பொறியிலிட்டால், அது முதலிற் கடிகாரத்தைப் பார்க்கும். நாள் டிசம்பரிலாயின், பசுந்தரை பனியால் மூடப்பட்டிருக்கும், மணியோசை கேட்கும், கதாபாத்திரங்கள் செவ்வுடை தரிப்பர். நவம்பரிலும் ஜனவரியிலும் வெறும் பனிக்காலம். ஏனைய மாதங்களிற் பனியுமில்லை, மணியுமில்லை. ஆகவே அத்தட்டின்கண் உள்ள திருநாள் ஆண்டு முழுதும் உள்ளேயே இருந்தும், நாள் வந்தாலன்றித் தோன்றாது. பேட்டரி ஓய்ந்த பொறிக்கோ திருநாள் என்று வருமென்பதே தெரியாது. கடிகாரத்தைப் பொய்யாய்த் திருப்பி ஜூன் மாதத்திற் கிறிஸ்துமஸை வரவழைப்பாரும் உளர். யாமும் அதனைச் செய்து பார்த்தோம். பார்த்தபின் அவ்வளவு சுவைப்படவில்லை.

இனித் துணைக்கருவிகளைப் பார்ப்போம். 32 கிலோபைட்டு விரைவில் நிறைந்துவிடும். புதிய ஆட்டம் எழுத இடமில்லையென்று சொல்லும். பழைய பதிவொன்றை அழிக்கவேண்டும். அதற்காகச் செகாவார் ஒரு நினைவுக் கார்ட்ரிட்ஜை விற்றனர். ஜப்பானில் அதற்குப் 'பவர் மெமரி' என்று பெயர். 512 கிலோபைட்டு, அஃதாவது உள்நினைவுக்குப் பதினாறு மடங்கு. நம் கணக்கின்படி இதில் முப்பாலும் அடங்கி இன்னும் இடம் எஞ்சும். இதற்குப் பேட்டரி வேண்டா. மின்சாரமின்றியும் எழுத்தைத் தாங்குஞ் சில் இதன்கண் உண்டு. பொறியின் மேற்புறத்துத் துளையிற் செருகி, தட்டில்லாமல் முடுக்கினால் வரும் திரையில் நினைவு மேலாண்மைப் பகுதிக்குச் சென்று, உள்ளிருந்து கார்ட்ரிட்ஜுக்கும் கார்ட்ரிட்ஜிலிருந்து உள்ளுக்கும் பதிவுகளைப் பிரதி செய்யலாம். ஒவ்வொரு பதிவும் பதினொரு எழுத்துப் பெயரும், பத்தெழுத்துக் குறிப்பும், எழுதிய நாளும் நேரமும் உடன்கொண்டிருக்கும். நம் சுவடிகளின் இறுதியில் எழுதினோன் இன்ன ஆண்டு இன்ன திங்கள் இன்ன நாள் எழுதி முடிந்தது என்று குறிப்பானன்றோ? அதுபோல்வது அது.

இத்துணை நல்ல கருவிக்கும் இரு குறைகள் இருந்தன. ஒன்று, தொடுமிடம். கார்ட்ரிட்ஜின் பொன்னிறப் பற்கள் பொறியின் துளைக்குள் உள்ள ஊசிகளோடு செவ்வையாய்த் தொடாவிடின், பொறி அதனை இல்லையென்று கொள்ளும். பலகால் செருகிச் செருகி எடுத்ததனால் துளை தளர்ந்த பொறிகள் மிகப் பல. ஆல்கஹால் தோய்ந்த பஞ்சினால் பற்களைத் துடைத்து, மெல்ல நேராகச் செருகவேண்டும். அன்றியும், தொடுகை அரைகுறையாயிருக்கும்பொழுது எழுதப்புகின் பதிவு கெட்டுப்போதலும் உண்டு.

மற்றொன்று இன்னும் வேடிக்கையானது. பொறிக்குத் துளை ஒன்றே. 1996-இலிருந்து சில சண்டை ஆட்டங்களுக்குத் தட்டோடு ஒரு கார்ட்ரிட்ஜும் வேண்டியதாயிற்று. 1997-இல் ஜப்பானில் வந்த 'எக்ஸ்-மென் எதிர் ஸ்ட்ரீட் ஃபைட்டர்' என்பது 4 மெகாபைட்டுத் தற்காலிக நினைவுக் கார்ட்ரிட்ஜோடு விற்கப்பட்டது. படங்கள் விரைந்து அசைதற்கு அது வேண்டும். அதைச் செருகினாற் பவர் மெமரியை எடுத்துவிடவேண்டும். இப்பொழுது அசைவதற்குரிய நினைவு வேண்டுமா, என்றும் வைப்பதற்குரிய நினைவு வேண்டுமா என்று பொறி நம்மைக் கேட்பதுபோலாயிற்று. ஒரு வாயிலில் இரு விருந்தினர். இரண்டையும் ஒன்றாய்த் தாங்கும் கார்ட்ரிட்ஜ்களைப் பிற நிறுவனத்தார் பின்னர் விற்றனர். செகாவார் தாமே இதனை முன்னுணராதது எமக்குக் குறையாகவே படுகின்றது.

1996-இல் ஜப்பானில் மாத்திரம் ஒரு ஃபிளாப்பி டிரைவும் விற்றனர். பொறியின் பின்புறத்துத் தொடர்பு வாயிலில் இணைப்பது. கணினியில் வழங்கிய அதே 1.44 மெகாபைட்டுத் தட்டு அதிற் பொருந்தும். கருத்து நல்லதே, வாங்கினோர் சிலரே.

சோனியார் வேறு வழி சென்றனர். பிளேஸ்டேஷனுக்குள் ஆடுவோனுக்கென நினைவே வைக்கவில்லை. மாறாக, தீப்பெட்டியினும் மெல்லிய மெமரி கார்டொன்றைத் தனியே விற்றனர். 128 கிலோபைட்டு, பதினாறு பகுதி, அவற்றுள் ஒன்று அட்டவணைக்குப் போக ஆடுவோனுக்குப் பதினைந்து. பேட்டரி இல்லை. சட்டைப் பையிலிட்டு நண்பன் வீட்டுக்குக் கொண்டுபோய் அவன் பொறியிற் செருகலாம். பொறி வாங்கியவன் கார்டுக்கு மீண்டும் காசு கொடுக்கவேண்டியிருந்தது. சாட்டர்ன் வாங்கியவனோ அன்றே எழுதிவைக்கலாம். அக்காலத்திற் செகாவின் வழியே வாங்குவோர்க்கு அன்புடையதாய்த் தோன்றியிருக்கும். ஆனால் முப்பதாண்டு கழித்து இன்று நோக்குமிடத்து, காசு கேட்ட கார்டுகள் பல இன்னும் தம் பதிவைத் தாங்கி நிற்க, இலவசமாய் வந்த நினைவு பேட்டரியோடு போயிற்று. நின்டெண்டோவார் 1996-இல் நின்டெண்டோ 64 பொறிக்குச் செய்த கண்ட்ரோலர் பேக்கும் அதே 32 கிலோபைட்டு, அதே பேட்டரி. ஆதலின் அதற்கும் அதே கதி. செகாவாரும் பாடங்கற்றனர் போலும். 1998-இல் வந்த அவர்தம் டிரீம்காஸ்ட் பொறிக்கு ஆக்கிய நினைவுக் கருவியிற் சிறு திரையும் இரு பேட்டரிகளும் இருந்தும், பதிவுகள் மாத்திரம் பேட்டரியை நம்பாத சில்லிலே வைக்கப்பட்டன. அதன் பேட்டரி ஓய்ந்தால், பொறியை முடுக்குந்தோறும் 'பீப்' என்று நீள அலறும், பதிவோ கெடாது.

பதிவு கெடுதலால் இழப்பது யாது, மீண்டும் ஆடினாற் போயிற்று என்பார்க்கு ஒரு விடை. காமெலாட் குழுவினர் ஆக்கிய 'ஷைனிங் ஃபோர்ஸ் மூன்று' என்னும் போர்க்கதை, 1997 டிசம்பர் முதல் 1998 செப்டம்பர் வரை மூன்று பாகங்களாக ஜப்பானில் வெளிவந்தது. ஒவ்வொரு பாகத்துக்கும் தலைவன் வேறு. ஒரே போரை வேறு வேறு பக்கத்தினின்றும் காணுதல். முதற்பாகத்தில் ஆடுவோன் செய்த தெரிவுகளை இரண்டாம் பாகம் பொறியின் நினைவிலிருந்து படித்துணர்ந்து, அதற்கேற்பத் தன் கதையை மாற்றும். மூன்றாம் பாகமும் அவ்வாறே. முதற்பாகத்தில் இரங்கி விட்ட ஒருவன் பின்னொரு பாகத்தில் எதிர்ப்படலாம். பாரதத்திலே ஆதி பருவத்தில் ஒருவன் செய்ததைப் போர்ப் பருவங்கள் மறந்திருக்குமாயின் கதை என்னாகும்? பேட்டரி ஓய்ந்தால் இவ்வாட்டத்துக்கு அதுவே நேர்கின்றது. ஜப்பானுக்கு வெளியே முதற்பாகம் மாத்திரமே விற்கப்பட்டதாதலின், பிறநாட்டார் அப்போரின் ஒரு பக்கத்தையே கண்டனர்.

இவையெல்லாம் யாம் நூலறிவாற் கூறுபவையல்ல. எம் தாய்மாமனார் 1997-இல் சிங்கப்பூரிற் பணியிலிருந்தபொழுது ஒரு சாட்டர்ன் பொறியும் ஒரு பவர் மெமரியும் வாங்கிப் பாளையங்கோட்டைக்குக் கொணர்ந்தார். ஆண்டுதோறும் ஆகமன காலத்து முதல் ஞாயிறு ஆராதனை முடிந்து வந்ததும், பொறியை முடுக்கி, அது இயங்கிக்கொண்டிருக்கும்பொழுதே பின்மூடியைத் திறந்து பேட்டரியை மாற்றுவார். "ஏன் மாமா, அணைத்துவிட்டு மாற்றினால் என்ன?" என்று யாம் ஒருமுறை கேட்டதுண்டு. "இப்படித்தான் மாற்றணும் தம்பி" என்றாரேயன்றிக் காரணஞ் சொல்லவில்லை. யாமும் பின் கேட்கவில்லை. 2019-இல் அவர் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். அத்தை பொறியை எமக்கே தந்தார்கள். மூன்றாண்டு அது பரண்மேற் கிடந்தது.

2022-இல் யாம் அதனை இறக்கித் துடைத்து, பேட்டரியை மாற்றவேண்டும் என்ற நினைவு வரவே, நல்லது செய்வதாக எண்ணி, பொறியை அணைத்து, மின்கம்பியையும் பிடுங்கிவிட்டு, பழைய பேட்டரியைக் கழற்றினோம். எந்த அளவென்று தெரியாமையால் அதனையே சட்டைப் பையிலிட்டுக் கடிகாரக் கடைக்குக் கொண்டுபோய்க் காட்டிப் புதியதொன்று வாங்கி வந்தோம். செருகி முடுக்கியவுடன் பொறி, 'எம்மொழி? என்ன நாள்?' என்று வினவிற்று. அதன் பொருள் அப்பொழுது எமக்குத் தெரியாது. தெரிந்தபொழுது, கழற்றிய பேட்டரியில் உயிர் எஞ்சியிருந்ததோ இல்லையோ என்பதை அறியவும் வழியில்லை. மூன்றாண்டாக அது ஓய்ந்தே இருந்திருக்கலாம் என்று எம்மைத் தேற்றுவோர் உளர். இருந்திருக்கலாம்; ஆயினும் கழற்றியது எம் கையே.

இயங்கும் பொறியில் மாற்றவேண்டியதன் காரணம் மிக எளிது. பொறி இயங்குங்கால் நினைவுச் சில்லுக்கு மின்சாரம் சுவரிலிருந்து வருகின்றது. பேட்டரி அந்நேரம் வேண்டப்படுவதில்லை. ஆகவே, தீபத்தை அணையாமல் எண்ணெய் வார்ப்பதுபோல், அப்பொழுதே மாற்றவேண்டும். இவ்வொரு வாக்கியத்தை மாமனார் எமக்குச் சொல்லியிருப்பாராயின், அன்றி யாம் மீண்டும் கேட்டிருப்போமாயின், இக்கட்டுரையின் இப்பகுதி வேறுவிதமாய் இருந்திருக்கும்.

பழம்பொறிகளைப் போற்றுவோர் இக்காலத்திற் பல வழி கண்டுள்ளனர். பழைய சில்லைப் பெயர்த்துவிட்டு, மின்சாரமின்றியும் எழுத்தைத் தாங்கும் ஃபெர்ரோ மின் நினைவுச் சில்லைப் பற்றவைக்கின்றார் சிலர். அதன்பின் பேட்டரி ஓய்ந்தாலும் கடிகாரம் மாத்திரமே நிற்கும், பதிவு நிற்காது போகாது. பிறர், கார்ட்ரிட்ஜிற் புதிய நிரல்களை ஏற்றி, பதிவுகளைக் கணினிக்குப் பெயர்த்து வைக்கின்றனர். எஸ்.டி. கார்டிலே பதிவை எழுதும் கார்ட்ரிட்ஜ்களும் வந்துள்ளன. இவ்வழிகளில் எதுவாயினும், பிரதி ஒன்றுக்கு இரண்டாய் வேறு வேறு இடத்தில் இருத்தலே நன்று என்பது எம் கருத்து. திருவாவடுதுறையிலும் பிறவிடங்களிலும் ஒரே நூலின் சுவடிகள் பல கிடைத்தமையாலன்றோ உ. வே. சாமிநாதையரவர்கள் ஒன்றன் சிதைவை மற்றொன்றால் நிரப்ப இயன்றது. சாட்டர்ன் பொறி வைத்திருப்போர் நம் கல்லூரிப் பழைய மாணவருள் எவரேனும் இருப்பின், இன்றே பொறியை முடுக்கி, கேள்விகளின்றி நேரே திரை வருமாயின், அணையாமலே பேட்டரியை மாற்றுக. பின் கார்ட்ரிட்ஜுக்குப் பிரதி செய்க.

எம் மாமனார் பிரதி செய்திருந்தார். சில வாரங் கழித்துப் பவர் மெமரியின் பற்களைத் துடைத்துச் செருகினோம். முதன்முறை பொறி அதனைக் காணவில்லை. நான்காம் முறை கண்டது. அட்டவணையிற் பன்னிரண்டு பதிவுகள் இருந்தன. நைட்ஸ் இரண்டு, ஷைனிங் ஃபோர்ஸ் ஒன்று, ஏனையவை பந்தய ஆட்டங்கள். உள்நினைவில் அதன்பின் அவர் எழுதியவை எவையென்று அறியோம். கார்ட்ரிட்ஜில் உள்ளவற்றுட் கடைசிப் பதிவின் நாள் 2004 டிசம்பர் 24. நேரம் இரவு பதினொன்று நாற்பது. பாடற்பவனி முடிந்து வந்து ஆடியிருப்பார். அவ்விரவு யாம் பிறந்திலேம். அத்தையை அழைத்துக் காட்டினோம். கண்ணாடியை எடுத்துவரச் சொல்லி, திரைக்கு அருகில் அமர்ந்து, நாளை இருமுறை வாசித்தார்கள். "அன்னைக்கு இவர் காப்பி கேட்டார், நான் தூங்கிவிட்டேன்" என்றார்கள்.